ஐயரம்மாவுக்குக் காய்ச்சல்

தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. விழாது என்றுதான் நினைத்தேன். இந்த அறைக்கு ஒரு தாழ்ப்பாள் இருப்பதே ஐந்து வருஷத்தில் இன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. நாலைந்து தடவை பெயிண்ட் ஏறிக் கதவோடு கதவாக ஒட்டிக் கிடந்தது, எனக்கு முன்னால் இங்கே குடியிருந்தவர்கள் யாரும் அதைத் தொட்டதே இல்லை போலிருக்கிறது. சீப்பின் முதுகால் தட்டினேன், பெயிண்ட் சில்லுச் சில்லாக உதிர்ந்தது, பெருவிரல் நகம் மடங்கியது, விழுந்துவிட்டது. மணி இரண்டு. ஜனவரி ஐந்து. சேலைகூட மாற்றாமல் படுத்திருக்கிறேன். பகலில் படுத்திருக்கிற ஐயரம்மாவை இந்த ஊர் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்பார்கள், அவர் பெண்டாட்டி ஐயரம்மா. எப்சிபா என்று அப்பா ஆசையாக வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட இங்கே என் வீட்டுக்காரர் ஒருவர்தான், அவரும் பாதியில் நிறுத்திவிடுவார், எப்சி. எப்சி, ரெண்டு பேர் வந்திருக்காங்க. எப்சி, டீ. எப்சி, அந்தப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை ஜெபம் பண்ணு. தாடை வலிக்கிறது. காதுக்குக் கீழே, எலும்பு சேருகிற இடத்தில். டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து சிரித்த சிரிப்பு அங்கேதான் இறங்கியிருக்கிறது, கல்யாண வீட்டில் ஆட்டுக்கல் சுற்றினவளுக்குத் தோளில் இறங்குகிற மாதிரி. காலையில் தவமணி அக்காவிடம் அதைச் சொன்னபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேனா? இருந்தேன். இல்லை, அதை இப்போது நினைக்க வேண்டாம். முதலில் கண்ணை மூடு. மூடினால் இடது இமை துடிக்கிறது. உள்ளே ஒரு பூச்சி மாட்டிக்கொண்டு வெளியே வரப் பார்க்கிற மாதிரி.

எத்தனை கேக். அதைத்தான் முதலில் யோசித்திருக்கிறேன் பார், ஒரு மனுஷியை வார்த்தையால் அப்படி அடித்துப் போட்டுவிட்டு வந்து படுத்து, எத்தனை கேக் என்று. சபையில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒன்று வரும். ஒவ்வொன்றையும் கொண்டுவந்தவள் முன்னாலேயே வெட்டி, ஒரு துண்டு வாயில் போட்டு, போன வருஷத்தைவிட இந்த வருஷம் நல்லாப் பதமா வந்திருக்கு என்று சொல்ல வேண்டும், சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், அந்த வெளிச்சத்துக்காகத்தான் ஒரு காலத்தில் சொன்னேன். இந்த வருஷம் அது வந்ததா என்றே நான் பார்க்கவில்லை. விழுங்கினேன், அவ்வளவுதான். இன்னும் நாக்கின் அடியில் கிராம்பு இருக்கிறது. கீத பவனி பதினாலு நாள், வீடு வீடாக, அதே பாட்டு, அதே அச்சுமுறுக்கு. ஞாயிறு பள்ளி நாடகத்துக்குப் பதினெட்டு தேவதூதர்களுக்குச் சிறகு தைத்தேன், ஒத்திகையில் ஒரு தேவதூதன் மேடையிலிருந்து விழுந்து மோவாய் கிழிந்து ரத்தம் கொட்டினபோது, குழந்தை வாயைப் பிளந்து அழுகிறது, அதன் அம்மா என் கையைப் பிடிக்கிறாள், எனக்கு வந்த முதல் நினைப்பு, போச்சு, இனி இவள் வீட்டுக்கும் ஒரு நடை போக வேண்டும். இரண்டாவது நினைப்பு, சிறகில் ரத்தம் பட்டுவிட்டது. மூன்றாவது நினைப்பு வரவே இல்லை. குழந்தையின் பெயர்கூட ஞாபகம் இல்லை, ஞானஸ்நானத்தன்று தொட்டியருகே என் மடியில் இருந்த குழந்தை. அப்புறம் அந்தப் பொன்னையா தாத்தா. இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் இழுத்துக்கொண்டு கிடந்தார். கட்டிலோரம் முழங்காலில் நின்றேன், அவர் கையைப் பிடித்தேன், மகள்கள் எல்லாரும் ஐயரம்மா ஜெபிக்கிறாள் என்று தலைகுனிந்து நின்றார்கள். நான் மனசுக்குள் கேட்டது, ஆண்டவரே, ஒன்று இப்போதே எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் இருபத்தாறு வரைக்கும் வைத்திரும், கிறிஸ்மஸ் அன்றைக்கு மட்டும் சாவு வீடு வேண்டாம், என் காலில் வலு இல்லை. இருபத்தாறு மத்தியானம் போனார். நான் நன்றி சொன்னேன். நிஜமாகவே, மனசு நிறைந்து. இந்தப் பண்டிகை முழுக்க நான் மனசார ஏறெடுத்த ஒரே ஸ்தோத்திரம் அதுதான்.

அம்மா, நீங்க பேசுறது ரெக்கார்ட் போட்ட மாதிரி இருக்கு, என்றாள் பியூலா, இரண்டாம் தேதி பெங்களூரிலிருந்து போனில். என் மகள். நான் பயறு பார்த்துக்கொண்டே பேசினேன். நல்லா இருக்கேன், கர்த்தர் நல்லவர், என்றேன். அதுதான் ரெக்கார்டு என்றாள். தூங்கி எந்திரிச்சாலும் அசதியா இருக்கா? இருக்கு. யாரு வந்தாலும் எரிச்சலா வருதா? ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டேன். முன்ன ஆசையா செஞ்சதெல்லாம் இப்ப என்னத்துக்குன்னு இருக்கா? இன்னொரு கல். அவங்க மேல பாவமே வரமாட்டேங்குதா? கல் இல்லை, பயறுதான், அதையும் எடுத்துப் போட்டேன். அதுக்குப் பேரு பர்ன்அவுட்ம்மா, எங்க ஆபீஸ்ல இதுக்குன்னு லீவே தாராங்க. சிரித்துவிட்டேன். ஐயரம்மாவுக்கு யாருட்டி லீவு தருவா, பிஷப்பா? சிரிக்காதீங்கம்மா என்றாள், அவள் குரல் உடைந்தது, மகள் குரல் உடைகிறது என்று எனக்குத் தெரிந்தது, மழை பெய்கிறது என்று ஜன்னல் வழியாகத் தெரிகிற மாதிரி. நனையவில்லை. யாரோ கேட்டைத் திறக்கிறாங்க, வச்சிருதேன் என்று வைத்தேன். கேட்டை யாரும் திறக்கவில்லை. அவரிடம் சொன்னேன், பியூலா இப்படிச் சொல்லுதா என்று. செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார். நல்ல மனுஷன், கெட்ட வார்த்தை ஒன்று பேசியதில்லை, பிரசங்கத்தில் நாலாவது நிமிஷம் அழுதுவிடுவார். பண்டிகை முடிஞ்சா எல்லாருக்கும் வர்ற அசதிதான் எப்சி, பெரிய பெரிய ஊழியக்காரங்களுக்கே சோர்வு வந்திருக்கு, என்றார். அப்புறம் நின்று, இதை ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் போலிருக்கே, என்று பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். என் சோர்வு. இரண்டு வரி.

இப்போது அதை நினைத்துத்தான் ஆக வேண்டும். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் அந்த நாற்காலியில்தான் போய் முட்டுகிறது, முன்னறையில் ஜன்னலோரத்துப் பிளாஸ்டிக் நாற்காலி, தவமணி அக்காவின் நாற்காலி. ஊர் நூலகத்தைக் கூட்டிப் பெருக்குகிற வேலை அவளுக்கு, பத்தரைக்கு முடியும், முடிந்ததும் நேரே இங்கே. புருஷன் எப்போதோ போய்விட்டான். ஒரே மகன் ஜெபஸ்டின், தூத்துக்குடியில் கப்பல் ஆபீசில் இருந்தான், போன வருஷம் இதே ஜனவரி ஐந்தாம் தேதி, பண்டிகை லீவு முடிந்து பைக்கில் வேலைக்குத் திரும்பிப் போகிறவன், பைபாஸில் லாரி. இருபத்தேழு வயசு. அடுத்த வாரத்திலிருந்து தினமும் பதினோரு மணிக்கு அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்லுவாள். கெளம்புற அன்னைக்குக் காலைல ஐயரம்மா, இன்னொரு தோசை கேட்டான். மாவு தீந்துட்டுன்னேன். மாவு இருந்துச்சி. சாயங்காலத்துக்கு ஆகுமேன்னு வச்சிருந்தேன். இந்த இடத்தில் மூக்கைத் துடைப்பாள். சரிம்மான்னு எந்திரிச்சிக் கையக் கழுவிட்டான். இந்த இடத்தில் ஜன்னலைப் பார்ப்பாள். முதல் மாசம் அவளோடு சேர்ந்து நானும் அழுதேன், அது சத்தியம், அந்தத் தோசையை நினைத்து என் வீட்டில் ஒரு வாரம் தோசை சுடவில்லை. ஆறாவது மாசம் அவள் மூக்கைத் துடைக்கும்போது சமையலறையில் குக்கர் எத்தனை விசில் என்று எண்ணினேன். இந்த டிசம்பரில், மாவு இருந்துச்சி என்று அவள் சொல்லும்போது எனக்குள் யாரோ இளித்தார்கள். இருந்துச்சில்ல, சுட்டுப் போட்டிருக்கலாம்ல. சத்தமில்லாமல்தான். உள்ளேதான். உள்ளே இருக்கிறது உள்ளேயே இருக்கும் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேன்.

இன்றைக்குத் தலைத்திவசம் மாதிரி, முதல் வருஷ நினைவு நாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் வீட்டில் ஜெபம். காலையில் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள், உட்கார்ந்தாள், டீ கொடுத்தேன், ஆரம்பித்தாள். கெளம்புற அன்னைக்குக் காலைல ஐயரம்மா. நான் எதிரே உட்கார்ந்திருந்தேன், தலையை ஒரு பக்கம் சாய்த்து, கை இரண்டும் மடியில், ஐயரம்மா உட்காருகிற மாதிரி. அக்கா, என்றேன். அந்தக் குரலை நான் கேட்டேன், ஜெபம் பண்ணுகிற குரல், மெத்தென்று, குழந்தைக்குச் சொல்லுகிற மாதிரி. அக்கா, உங்க மவன் ஒரு தடவதான் செத்தான். நீங்க இங்க வந்து தெனமும் அவனச் சாவடிக்குதிய. எனக்குப் போதும். சொன்னேனா, நினைத்தேனா என்று ஒரு நொடி தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொண்டேன். அழவில்லை அவள். அழுதிருந்தால் எழுந்துபோய்த் தோளைத் தொட்டிருப்பேன், கை தானாகவே போயிருக்கும், பழகின கை. டம்ளரில் பாதி டீ இருந்தது. அதைக் குடித்தாள். மெதுவாக, கடைசிச் சொட்டு வரைக்கும், விருந்துக்கு வந்த வீட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்கிற மாதிரி. சரி வாரேன், என்றாள். போனாள். எனக்கு என்ன தோன்றியது? சொல்லு, இங்கே யாரும் இல்லை. நிம்மதி. கால்வரைக்கும் இறங்கின நிம்மதி. பண்டிகைக்குப் பிறகு முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. பயம் அதற்குப் பின்னால்தான் வந்தது, சோறு வடிக்கும்போது, கஞ்சி கையில் ஊற்றி, ஊற்றினது கொஞ்ச நேரம் தெரியாமல், சிவந்த பிறகு தெரிந்து. முந்தின ஐயரம்மாவைப் பற்றி இந்த ஊரில் ஒரு கதை உண்டு. நல்லாத்தான் இருந்தா, ஒரு நாளு சுவரப் பாத்து உக்காந்தா, பிறகு திரும்பவே இல்ல. டீ குடித்துக்கொண்டே சொல்லுவார்கள், வாய் நிறைய முறுக்கோடு. அவளும் இந்த அறையில்தான் படுத்திருப்பாள். இந்தச் சுவரைத்தானோ. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. திரும்பு. இந்தப் பக்கம் கட்டிலுக்கு அடியில் பண்டிகைக்கு வந்த பெட்டிகள், எல்லாம் சுவர்க் கடிகாரம், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

கேட் சத்தம். இந்தத் தடவை நிஜமாகவே, மணி மூன்றரை இருக்கும். செருப்பை வாசலில் கழற்றிச் சுவரோரம் சேர்த்து வைக்கிற சத்தம், ஒரு கால், அப்புறம் மற்றக் கால். தவமணி. உடம்பு முழுக்க ஒரே சமயத்தில் கூசுகிறது. சொல்லத்தான் வந்திருக்கிறாள். வாங்க தவமணியம்மா, என்கிறார் அவர், அஞ்சு மணிக்குத்தான, மறக்கல, என்கிறார். கூட்டிட்டுப் போவோம்னு வந்தேன் ஐயா, சாமான் கொஞ்சம் வாங்கணும், அப்படியே வந்தேன். நாற்காலி இழுபடுகிறது. உட்கார்ந்துவிட்டாள். இப்போது சொல்லுவாள். உங்க வீட்டம்மா இன்னைக்கு என்ன சொன்னாவன்னு தெரியுமா ஐயா. அவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். கோபப்படமாட்டார். கண் கலங்குவார். அதுதான் தாங்காது. எப்சி, என்கிறார், கதவைத் தள்ளுகிறார், கதவு வரவில்லை. எப்சி, கதவு என்ன பூட்டியிருக்கு? தவமணியம்மா வந்திருக்காங்க.  எப்சிக்கு முடியல போல, என்கிறார் அங்கே திரும்பி.  இப்போது. இப்போது சொல்லு.  நாற்காலி கிரீச்சென்றது, அவ்வளவுதான். எப்சி, டீத்தூள் எங்க இருக்கு? கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். இந்த மனுஷனுக்குப் பழைய ஏற்பாட்டில் எந்த ராஜாவுக்கு யார் மகன் என்று தெரியும். டீத்தூள் தெரியாது. அடுப்புக்கு மேல ஐயா, ரெண்டாவது தட்டுல, செகப்பு மூடி, என்கிறாள் தவமணி. சீனி அதுக்குப் பின்னால. நானே போடுதேன், நீங்க இருங்க. வேண்டாம்மா, நீங்க உக்காருங்க. இல்ல ஐயா, நீங்க போய் வேதத்த எடுத்துட்டு வாங்க, நேரமாவுது. அவர் வேதாகமத்தை எடுக்கச் சபைக் கோயிலுக்குப் போகிறார். கேட் சாத்துகிறது. வீட்டில் அவளும் நானும்.

அடுப்புப் பற்றவைக்கிற சத்தம் கேட்கவில்லை. காலடி வருகிறது. கதவுக்கு முன்னால் நிற்கிறது. கதவுக்கு அடியில் இரண்டு நிழல், அவளுடைய பாதங்கள். நான் எழுந்து உட்கார்ந்தேன். மன்னிச்சிருங்க அக்கா என்ற வார்த்தை நாக்கில் ரெடியாக இருக்கிறது, எனக்கு அது எப்போதும் ரெடியாக இருக்கும், ரெடியாக இருப்பதனாலேயே அதில் ஒன்றும் இல்லை. ஐயரம்மா, என்கிறாள். முழிச்சிருக்கியன்னு தெரியும். பேச வேண்டாம். ஐயாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அதுக்காவ உங்கள மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராதிய. மன்னிக்கல. சாவுற வரைக்கும் மன்னிக்க முடியும்னு தோணல.  மூச்சு வாங்குகிறாள். வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். அவன அடக்கம் பண்ணுன மறுநா நான் இப்படித்தான் கதவப் பூட்டிட்டுக் கெடந்தேன். மூணு நாளு. நீங்க வந்து தட்டுனிய. தெறங்க அக்கா, ஜெபம் பண்ணுவோம், தெறங்க அக்கான்னு, மூணு நாளும் காலையிலயும் சாயங்காலமும். எனக்கு அது எவ்வளவு கொடுமையா இருந்திச்சின்னு ஒங்களுக்குத் தெரியாது. யாராவது இவளக் கொன்னா என்னன்னு இருந்திச்சி. ஐயரம்மாவாச்சேன்னு எந்திரிச்சி வந்து தெறந்தேன். பிறகு தெனமும் இங்க வந்தேன். வரலன்னா நீங்க திருப்பி வந்துருவியளோன்னு. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கையில் கஞ்சி பட்ட இடம் இப்போதுதான் எரிகிறது. நிழல் நகர்ந்தது. நான் தட்டமாட்டேன், என்றாள். படுத்துத் தூங்குங்க. டீ எனக்கு வேண்டாம், ஐயாகிட்டக் குடிச்சிட்டேன்னு சொல்லிருதேன். செருப்புச் சத்தம், ஒரு கால், மற்றக் கால். அப்புறம் வெளியே நின்றுகொண்டே அவருக்காகக் காத்திருந்தாள் போல.

அவளை நான் சிரித்துக்கொண்டே கொன்றேன். அவளுக்குத் துணையாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவள் வாழ்வில் ஒரு வருஷத்தைத் தின்றிருக்கிறேன், அவளும் பயந்துகொண்டே எனக்கு அதை ஊட்டியிருக்கிறாள், இரண்டு பேரும் ஒருத்திக்காக ஒருத்தி உட்கார்ந்திருக்கிறோம், இரண்டு பேருக்கும் வேண்டாம். மன்னிக்கல. இந்த வார்த்தையை வாய்க்குள் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், கசக்கும் என்று. கசக்கவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் என்னிடம் யாரும் மறுத்துப் பேசினதில்லை, எல்லாரும் சரிங்க ஐயரம்மா, நீங்க ஜெபிச்சதாலதான் ஐயரம்மா. மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லியிருந்தால் எழுந்து முகம் கழுவி, பொட்டில்லாத நெற்றிக்குப் பவுடர் போட்டு, ஐந்து மணிக்கு அவள் வீட்டில் போய் நின்றிருப்பேன், தலையை ஒரு பக்கம் சாய்த்து. இப்போது போக வேண்டியதில்லை. போக முடியாது. அவள் அந்த வழியை அடைத்துவிட்டாள். திரும்பப் படுத்துக்கொண்டேன், கண் எரிகிறது. தண்ணீர் வருகிறது, அழுகையா என்று தெரியவில்லை, காதுக்குள் ஓடுகிறது, துடைக்கவில்லை. எப்சி. அவர் திரும்பி வந்திருக்கிறார். எப்சி, நாலு மணிக்குப் பெண்கள் ஐக்கியம் இங்க கூடுது, ஞாபகம் இருக்குல்ல? நான் தவமணியம்மா வீட்டுக்குப் போகணும். நீ எந்திரிச்சி அவங்களப் பாத்துக்க. மாட்டேன், என்றேன். என் குரல்தான். மெத்தென்று இல்லை. என்ன? மாட்டேன். எனக்கு முடியல. நாளைக்கும் முடியாது. பியூலா வந்தா அவகூட நாலு வாரம் போய் இருக்கப்போறேன், அவகிட்ட நீங்க பேசுங்க. முடியலன்னா என்ன எப்சி, காய்ச்சலா? இல்ல. தலவலியா? இல்ல. பின்ன அவங்ககிட்ட நான் என்னத்தச் சொல்ல? முடியலன்னு சொல்லுங்க.   உள்ளங்கையைக் கதவில் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன், மரம் லேசாக முனகியது. தட்டவில்லை. சரி எப்சி, என்றார், அவர் குரல் பிரசங்கக் குரலாக இல்லை, பயந்துபோன மனுஷனின் குரலாக இருந்தது.

பெண்கள் வந்துவிட்டார்கள். இருபது பேர் இருக்கும், வளையல் சத்தமே அத்தனை. ஐயரம்மாவுக்கு என்ன ஐயா? என்று எஸ்தர் டீச்சரின் குரல், ஐக்கியத்தின் தலைவி, மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். எப்சிக்குக் காய்ச்சல், என்றார் அவர். பொய். குருப்பட்டம் வாங்கின மனுஷன் எனக்காகச் சொன்ன முதல் பொய். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. ஐயோ பாவம், பண்டிகைக்கு எவ்வளவு ஓடினாங்க. மாத்திரை போட்டாங்களா? சுக்குத் தண்ணி வச்சுக் கொடுக்கட்டா? தூங்குதாங்களாம், சும்மா இருங்கட்டி. அவர் வெளியே போனார், தவமணியோடு, கேட் சாத்துகிறது. அப்ப நாம ஐயரம்மாவுக்காக இங்க நின்னே ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போவோம், என்றாள் எஸ்தர் டீச்சர். கதவுக்கு அடியில் நிழல்கள் வந்து சேர்ந்தன, இரண்டு, நாலு, அப்புறம் இடமே இல்லை, வெளிச்சம் அடைபட்டு அறை கொஞ்சம் இருண்டது, நன்றாகத்தான் இருந்தது. இருபது பேரும் ஒரே சமயத்தில் ஆரம்பித்தார்கள். எனக்கு இல்லாத காய்ச்சலைக் கடிந்துகொண்டார்கள். உமது அடியாளை இந்தப் படுக்கையிலிருந்து எழுப்பும் ஆண்டவரே, இன்றைக்கே எழுப்பும், இந்த நிமிஷமே எழுப்பும். உள்ளங்கைகள் கதவில் விழுந்தன, தாழ்ப்பாள் அதிர்ந்தது. எழுப்பாதேயும், என்றேன் நானும். கண்ணை மூடி, கை கூப்பாமல், சுவரும் அல்லாமல் கதவும் அல்லாமல் மல்லாந்து படுத்து. எழுப்பாதேயும். இருபது பேர் ஒரு பக்கம், நான் ஒருத்தி ஒரு பக்கம். இமைத் துடிப்பு நின்றிருந்தது, எப்போது நின்றது என்று தெரியவில்லை. எழுப்பும், எழுப்பும் என்று எஸ்தர் டீச்சரின் குரல் ஏறிக்கொண்டே போய், தண்ணீருக்குள் இருந்து கேட்கிற மாதிரி ஆகி, வார்த்தை போய் வெறும் இரைச்சலாகி, இரைச்சலும் தூரமாகி, கால் கனத்து, கை கனத்து, அவர்கள் இன்னும் ஆமென் சொல்லவில்லை, சொன்னால் எனக்குக் கேட்காது